‘முற்றட்டும்’ என்ற பழைய அறிவுரை

இந்தியாவில் 50 வயதைக் கடந்தவர்களிடையே காணப்படும் பார்வையிழப்புக்கு எது முதன்மையான காரணம் என்பதை 2015 முதல் 2019 வரை நடத்தப்பட்ட தேசியக் கணக்கெடுப்பு ஆராய்ந்தபோது, பார்வையிழந்தவர்களில் 66.2 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ மூவரில் இருவருக்கு, கண்புரையே காரணம் என்று தெரியவந்தது. ஓர் அறுவை சிகிச்சையால் பெரும்பாலும் மீட்டுவிடக்கூடிய பார்வையை இத்தனை பேர் இழந்து நிற்பதற்கு வறுமை, மருத்துவமனையின் தொலைவு, துணைக்கு வர ஆளில்லாமை, கண்ணில் கத்தி வைப்பதா என்னும் அச்சம் எனப் பல காரணங்கள் உண்டு. அவற்றோடு சேர்த்து எண்ண வேண்டிய இன்னொன்று, வீட்டுப் பெரியவர்கள் நல்லெண்ணத்தோடு தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் ‘புரை முற்றட்டும், அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்’ என்ற அறிவுரையாகும். அது மூடநம்பிக்கையாகப் பிறந்ததன்று. ஒரு காலத்தில் கண் மருத்துவர்களே சொன்னது. அன்றைக்கு அதற்கு வலுவான நியாயமும் இருந்தது. அந்த நியாயம் இன்று இல்லை என்பதும், இல்லாமற்போன பிறகும் அறிவுரை மட்டும் நிலைத்திருப்பதால் எத்தனையோ முதியவர்கள் தேவையற்ற இருளில் ஆண்டுக்கணக்கில் வாழ்கிறார்கள் என்பதும் பரவலாக அறியப்பட வேண்டியவை.

கார்னியா எனப்படும் ஒளிபுகும் முன்படலத்தைக் கடந்து, ஐரிஸ் எனப்படும் நிறமுள்ள வளையத்தின் நடுவே உள்ள பாவை என்னும் துளை வழியே கண்ணுக்குள் நுழையும் ஒளியை, அதன் பின்னால் மெல்லிய இழைகளால் கட்டித் தொங்கவிடப்பட்டிருக்கும் விழிவில்லை குவித்து, கண்ணின் பின்சுவரிலுள்ள விழித்திரையில் விழச் செய்கிறது. ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் விட்டமும் 4 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட இந்த வில்லையில் மூன்றில் இரண்டு பங்கு நீர். எஞ்சியது பெரும்பாலும் புரதம். ஒளிக்கு எதுவும் தடையாக நிற்கக் கூடாது என்பதால் இதற்குள் ரத்தக் குழாய்களும் இல்லை, நரம்புகளும் இல்லை. உட்பகுதியிலுள்ள செல்கள் தம் உட்கருவையே கரைத்துவிட்டு வெறும் ஒளி கடத்தும் இழைகளாக நிற்கின்றன. உட்கரு இல்லாத செல்லால் புதிய புரதத்தை உண்டாக்க முடியாது. ஆகவே, ஒருவர் தாயின் வயிற்றில் இருந்தபோது வில்லையின் நடுப்பகுதியில் உருவான கிரிஸ்டலின் என்னும் புரதங்களே எண்பது வயதிலும் அவருக்கு உழைத்துக்கொண்டிருக்கின்றன.

இவ்வளவு நீண்ட காலம் புதுப்பிக்கப்படாமல் இருக்கும் ஒரு பொருள் சிதையத்தான் செய்யும். சூரிய ஒளியின் புறஊதாக் கதிர்களும், உடலின் வேதிவினைகளில் உண்டாகும் ஆக்சிஜன் சார்ந்த வீரிய மூலக்கூறுகளும், நீரிழிவு உள்ளவர்களின் ரத்தத்தில் மிகுந்துள்ள சர்க்கரையும், புகையிலையின் நச்சும் இந்தப் புரதங்களின் மடிப்புகளைக் குலைக்கின்றன. குலைந்தவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் பிடித்துவைக்கும் வேலையை ஆல்ஃபா கிரிஸ்டலின் என்ற புரதம் செய்கிறது என்றாலும், அதன் இருப்பு வயதேற வயதேறத் தீர்ந்துபோகிறது. அதன்பின் சிதைந்த புரதங்கள் திரண்டு, ஒளியைச் சிதறடிக்கத் தொடங்குகின்றன. தெளிவாக இருக்கும் முட்டையின் வெள்ளைக்கரு வெந்ததும் வெளுத்து ஒளிபுகாததாகிவிடுவதைப் போன்ற மாற்றம் இது. வெந்ததை மீண்டும் பச்சை முட்டையாக்க முடியாததைப் போலவே, புரை விழுந்த வில்லையையும் பழைய தெளிவுக்குக் கொண்டுவர இன்றுவரை வழியில்லை.

சொட்டு மருந்தால் புரையைக் கரைக்கலாம் என்று சொல்லி விற்கப்படும் எதையும் நம்பக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். லானோஸ்டீரால் என்னும் வேதிப்பொருள் நாய்களின் கண்புரையைக் குறைத்ததாக 2015ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்து உலகெங்கும் நம்பிக்கையைக் கிளப்பியது. ஆனால் மனிதர்களின் விழிவில்லைகளில் அதே பலனைப் பின்வந்த ஆய்வுகள் காட்டவில்லை. தேன், வெங்காயச் சாறு, இலைச்சாறு, தாய்ப்பால் முதலியவற்றைக் கண்ணில் விடும் வழக்கம் இதைவிடக் கவலைக்குரியது. இவை விழிவில்லையைச் சென்று சேர்வதே இல்லை. மாறாக, தூய்மையற்ற திரவம் கார்னியாவில் கிருமித்தொற்றையும் புண்ணையும் உண்டாக்கி, அறுவையால் மீட்டிருக்கக்கூடிய கண்ணை மீட்க முடியாததாக்கிவிடுவதும் உண்டு. மருந்துக் கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விட்டுக்கொள்ளும் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்துகள் புரையைத் தாமே வரவழைக்கக்கூடியவை. கண்ணின் நீரழுத்தத்தையும் அவை கூட்டுகின்றன.

புரை எல்லாருக்கும் ஒரே இடத்தில் விழுவதில்லை. வில்லையின் நடுக்கருவில் விழும் புரை மெல்ல மெல்ல மஞ்சளும் பழுப்புமாக மாறுகிறது. நீலமும் ஊதாவும் மங்கி, புதிதாகத் தொடுத்த மல்லிகைச் சரமும் வாடிய நிறத்தில் தெரிகிறது. மாற்றம் ஆண்டுக்கணக்கில் நிகழ்வதால் பலர் இதை உணர்வதே இல்லை. இவ்வகைப் புரையில் நடுக்கரு இறுகி வில்லையின் ஒளிகுவிக்கும் திறன் கூடுவதால், தூரப் பார்வை மங்கும்போதே கிட்டப் பார்வை தெளிந்து, பல ஆண்டுகளாக வெள்ளெழுத்துக் கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாதிருந்தவர் திடீரென்று வெறுங்கண்ணால் நாளிதழ் படிக்கத் தொடங்குவார். கண் குணமாகிவிட்டது என்று குடும்பமே மகிழும் இந்த மாற்றம் உண்மையில் புரை வளர்வதன் அடையாளம். சில காலத்தில் அதுவும் மங்கிவிடும். வில்லையின் புறப்பகுதியில் ஆரக்கால் வடிவில் படரும் புரை இரவில் எதிர்வரும் வண்டிகளின் முகவிளக்கைக் கதிர்கதிராகச் சிதறடிக்கிறது. வில்லையின் பின்னுறையை ஒட்டி விழும் மூன்றாம் வகை, அளவில் சிறியதாயினும் ஒளிப்பாதையின் நட்டநடுவில் அமர்வதால் பெருந்தொல்லை தருவது. வெயிலில் பாவை சுருங்கும்போது ஒளி முழுவதும் இந்தப் புரை வழியாகவே செல்ல வேண்டியிருப்பதால், இவர்களுக்கு நண்பகலைவிட மாலை மங்கலில் பார்வை மேலாக இருக்கும். நீரிழிவு உள்ளவர்களிடமும், ஆஸ்துமாவுக்கோ மூட்டு நோய்க்கோ நெடுங்காலம் ஸ்டீராய்டு எடுத்தவர்களிடமும் இவ்வகை மிகுதி.

முற்றும்வரை காத்திருக்கச் சொன்ன காலத்தின் மருத்துவத்தை இனிப் பார்க்கலாம். பண்டைய இந்தியாவில் சுஸ்ருத சம்ஹிதை விவரிக்கும் முறையில், கூரிய கருவியொன்றைக் கண்ணுக்குள் செலுத்திப் புரையை ஒளிப்பாதையிலிருந்து விலக்கினார்கள். புரை கண்ணுக்குள்ளேயே கிடந்தது. பாரிஸில் பணியாற்றிய ழாக் தாவியேல் 1747இல் புரையைக் கண்ணிலிருந்து வெளியே எடுத்துக் காட்டிய பிறகே அது உண்மையான நீக்கமாயிற்று. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜியின் தன்வந்திரி மகாலில் கண்நோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களின் குறிப்புகள், கண்ணின் வண்ணப் படங்களோடு எழுதிவைக்கப்பட்டு, சரஸ்வதி மகால் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் மருத்துவமனைக்கு அடுத்து உலகின் மிகப் பழமையான கண் மருத்துவமனையாகக் கருதப்படும் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819இல் தொடங்கப்பட்டது. இந்த நீண்ட காலம் முழுவதும் இரண்டு இடர்ப்பாடுகள் அறுவை மருத்துவர்களைத் தொடர்ந்தன.

முதலாவது, முற்றாத புரை முழுதாக வெளிவராது. பிசுபிசுப்பான பகுதிகள் கண்ணுக்குள் ஒட்டிக்கொண்டு நின்று அழற்சியை உண்டாக்கும். முற்றியதோ ஒரே துண்டாக வெளிவரும். இரண்டாவது இடர்ப்பாடு இன்னும் பெரியது. வில்லையை எடுத்துவிட்டால் அதன் இடத்தில் வைக்க எதுவும் இல்லாததால், ஏறத்தாழ பத்து டயாப்டர் திறனுள்ள தடித்த கண்ணாடி, ஊரார் சோடாபுட்டிக் கண்ணாடி என்று சொன்னது, வாழ்நாள் முழுவதும் தேவைப்பட்டது. அதன் வழியே பொருள்கள் கால்பங்குக்கும் மேல் பெரிதாகத் தெரிந்தன, ஓரங்கள் வளைந்தன, படியில் கால் வைப்பதற்கே புதிதாகப் பழக வேண்டியிருந்தது. ஒரு கண்ணில் மட்டும் அறுவை செய்தால், இரு கண்களும் இருவேறு அளவில் காட்டும் உருவங்களை மூளையால் ஒன்றாக்க முடியவில்லை. இப்படிப்பட்ட பார்வையைவிட அரைகுறைப் புரையோடு இருப்பதே மேல் என்ற நிலையில், முற்றும்வரை காத்திருக்கச் சொன்ன மருத்துவர் நோயாளியின் நன்மையையே கருதினார்.

இந்தக் கணக்கை மாற்றியவர் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் ஹெரால்டு ரிட்லி. இரண்டாம் உலகப் போரில் குண்டுபட்டு நொறுங்கிய போர்விமானங்களின் மேல்மூடித் துண்டுகள் விமானிகளின் கண்களுக்குள் புகுந்திருந்தும் அவை அழற்சியைக் கிளப்பாமல் கிடந்ததைக் கண்ட அவர், பெர்ஸ்பெக்ஸ் எனப்படும் அதே அக்ரிலிக் பொருளால் செயற்கை வில்லை செய்து பொருத்தலாம் என்று முடிவுசெய்து, 1949 நவம்பர் 29 அன்று அந்த அறுவையைத் தொடங்கினார். கண்ணிலிருந்து அந்நியப் பொருளை எடுப்பதுதான் மருத்துவம், உள்ளே வைப்பதன்று என்று சக மருத்துவர்கள் பல்லாண்டுகள் அவரை எதிர்த்தனர். பிற்காலத்தில் அவரே கண்புரைக்கு ஆளாகி, அதே மருத்துவமனையில் லென்ஸ் பொருத்திக்கொண்டார். முற்றாத புரை முழுதாக வராது என்ற முதல் இடர்ப்பாட்டுக்கும் விடை வந்தது. பல் மருத்துவர் கறை நீக்கப் பயன்படுத்தும் மீயொலிக் கருவியைக் கண்டு தூண்டுதல் பெற்ற அமெரிக்க மருத்துவர் சார்லஸ் கெல்மன், கண்ணுக்குள்ளேயே புரையை நொறுக்கி உறிஞ்சி எடுக்கும் ஃபேக்கோ முறையை 1967இல் செய்துகாட்டினார்.

ஆக, காத்திருப்பதற்கான இரண்டு காரணங்களும் மறைந்துவிட்டன. காத்திருந்தால் கேடு என்ற நிலைதான் இப்போது உள்ளது. புரை எவ்வளவு இறுகுகிறதோ அவ்வளவுக்கு அதை நொறுக்க மீயொலி ஆற்றல் மிகுதியாகத் தேவைப்படுகிறது. அந்த ஆற்றல் கார்னியாவின் உட்புறத்தில் உள்ள, ஒருமுறை அழிந்தால் மீண்டும் பெருகாத செல்களைப் பாதிக்கிறது. முற்றி வெளுத்த புரை நீர் ஏற்று வீங்கி, கண்ணுக்குள் சுரக்கும் நீர் வடியும் வழியை அடைப்பதுண்டு. அல்லது உருகிக் கசியும் புரதம் அந்த வழியை அடைப்பதுண்டு. இரண்டிலும் கண்ணின் அழுத்தம் திடீரென்று ஏறி, கடும் வலியும் சிவப்பும் தலைவலியும் வாந்தியும் வரும்; பார்வை நரம்பு நசிந்தால் பிறகு அறுவை செய்தும் பார்வை திரும்பாது. மருத்துவமனைக்கு மிகத் தாமதமாக வருகிறவர்களில் பெண்கள் கூடுதல் என்பது நெடுநாளாக அறியப்பட்ட செய்தி. தன் செலவைக் கடைசிக்குத் தள்ளிவைக்கும் பழக்கத்தில், அரிசியில் கல் தெரியாமல் போனதையும் ஊசியில் நூல் கோக்க முடியாமல் போனதையும் அவர்கள் வாய்விட்டுச் சொல்வதே இல்லை என்பதால், வீட்டில் உள்ளவர்கள்தான் கவனித்துக் கேட்க வேண்டும்.

அதற்காக, புரை என்று கேட்டதும் மறுநாளே அறுவைக்கு ஓட வேண்டியதும் இல்லை. தொடக்க நிலையில் கண்ணாடியின் எண்ணை மாற்றினாலே பல காலம் ஓட்டலாம். அன்றாட வேலைக்குப் பார்வை இடைஞ்சலாகிவிட்டதா என்பதே இன்றைய அளவுகோல். இரவில் பேருந்து ஓட்டுகிறவருக்கும் திண்ணையில் ஓய்வாக இருப்பவருக்கும் அந்தக் கட்டம் ஒரே நாளில் வராது. மங்கல் எல்லாம் புரையால்தான் என்று தாமே முடிவுசெய்வதுதான் ஆபத்து, ஏனெனில் கிளாக்கோமா என்னும் கண் நீரழுத்த நோயும் நீரிழிவால் வரும் விழித்திரைச் சிதைவும் புரையோடு சேர்ந்தே ஒளிந்திருக்கக்கூடும். இவற்றால் போன பார்வையைப் புரை நீக்கம் மீட்டுத் தராது.

அறுவைக்கு முன் பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு விழித்திரை பார்க்கப்படுகிறது. பிறகு கண்ணின் நீளமும் கார்னியாவின் வளைவும் அளக்கப்பட்டு, பொருத்த வேண்டிய லென்ஸின் திறன் கணக்கிடப்படுகிறது. கண்ணின் நீளம் ஏறத்தாழ 23.5 மில்லிமீட்டர், அதில் 1 மில்லிமீட்டர் பிழை நேர்ந்தாலும் லென்ஸின் திறன் இரண்டரை டயாப்டருக்கு மேல் தவறிவிடும் என்பதால், சில நிமிடங்களில் முடிந்துவிடும் இந்த அளவீட்டின் மேல்தான் பிற்காலப் பார்வை முழுவதும் நிற்கிறது. சிறுநீர்த் தடைக்காக டாம்சுலோசின் மாத்திரை எடுக்கும் ஆண்கள் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த மாத்திரை ஐரிஸைத் தளர்த்தி, அறுவையின்போது அது துவண்டு அலைபாயச் செய்யும். முன்பே நிறுத்திவிட்டிருந்தாலும் அந்த விளைவு நீடிக்கக்கூடும் என்பதால் நிறுத்திய செய்தியையும் சொல்ல வேண்டும்.

அறுவை பெரும்பாலும் மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தோடு, அல்லது கண்ணைச் சுற்றிப் போடும் ஊசியோடு நடக்கிறது. நோயாளி விழித்தே இருக்கிறார். ஃபேக்கோ முறையில் 3 மில்லிமீட்டருக்கும் குறைவான வெட்டின் வழியே உட்புகுந்து, கண்ணின் உட்பரப்புகளைக் காக்கும் பாகு போன்ற திரவத்தை நிரப்பி, விழிவில்லையை மூடியிருக்கும் உறையின் முன்பக்கத்தில் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் அகலத்தில் வட்டமான ஒரு திறப்பைக் கிழித்தெடுக்கிறார் மருத்துவர். அறுவையின் நேர்த்தி எல்லாம் இந்த வட்டத்தில்தான். விளிம்பு பிசிறின்றி அமைந்தால் புதிய லென்ஸ் நடுவில் நிலையாக அமரும். பிறகு நொடிக்குப் பல்லாயிரம் முறை அதிரும் ஊசிமுனையால் புரையைத் துண்டாக்கி உறிஞ்சி எடுத்து, சில மைக்ரான் தடிமனே உள்ள பின்னுறையைக் கிழியாமல் காத்து, மடித்துச் செலுத்தும் லென்ஸை உறைக்குள் விரியச் செய்வார். தேர்ந்த கையில் இது பத்து இருபது நிமிட வேலை, தையல் தேவைப்படாது. ‘லேசர் ஆபரேஷன்’ என்று மக்கள் இதைக் குறிப்பிட்டாலும் இதில் வேலை செய்வது மீயொலியே. வெட்டையும் வட்டத் திறப்பையும் லேசரால் செய்யும் முறை தனியாக உண்டு, செலவும் மிகுதி.

ஃபேக்கோ கருவி இல்லாமல், கண்ணின் வெள்ளைப் பகுதியில் 6 அல்லது 7 மில்லிமீட்டர் அகலத்தில் சாய்வான சுரங்கம் போன்ற வெட்டைப் போட்டு, புரையை முழுதாக வெளியே எடுத்து லென்ஸ் வைக்கும் முறையும் உண்டு. கண்ணின் உள்ளழுத்தமே அந்தச் சுரங்கத்தை மூடிவிடுவதால் இதற்கும் தையல் தேவையில்லை. நேபாளத்தில் இரு முறைகளையும் ஒப்பிட்டு 2007இல் வெளியான ஆய்வில், ஆறு மாதங்களுக்குப் பின் இரு தரப்பாரின் பார்வையும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தது. இறுகிய புரைக்கு இது ஏற்ற முறை. கண் முகாமிலிருந்து அழைத்துச் செல்லப்படும் பெரியவருக்கு இது செய்யப்பட்டால், ஏழைக்கு இரண்டாந்தரச் சிகிச்சை தரப்பட்டதாக எண்ணக் கூடாது. முடக்குவாதத்தால் விரல்கள் வளைந்துபோன டாக்டர் ஜி. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பணம் செலுத்துவோரின் வருவாயிலிருந்தே பெருந்தொகையானோருக்கு இலவசமாகவும் மிகக் குறைந்த செலவிலும் அறுவை செய்து வளர்ந்ததில் இம்முறைக்குப் பெரும்பங்கு உண்டு. இறக்குமதி லென்ஸின் விலை ஏழைகளுக்கு எட்டாததாக இருந்தபோது, 1992இல் அதன் அங்கமாகத் தொடங்கப்பட்ட ஆரோலேப் மதுரையிலேயே லென்ஸ் செய்து விலையைப் பன்மடங்கு குறைத்தது. சோடாபுட்டிக் கண்ணாடி தமிழ்நாட்டுத் தெருக்களிலிருந்து மறைந்ததில் இந்த முயற்சி மறக்க முடியாதது.

லென்ஸைத் தேர்ந்தெடுக்கும்போது பலர் குழம்புகிறார்கள். ஒரே தூரத்துக்குக் குவியும் சாதாரண லென்ஸ் தூரப் பார்வையைத் தெளிவாகத் தரும். படிக்க மட்டும் கண்ணாடி வேண்டும். கார்னியாவின் வளைவு சீரற்று இருப்பவருக்கு அதைச் சரிசெய்யும் டோரிக் லென்ஸ் பயன்படும். தூரமும் கிட்டமும் சேர்த்துக் காட்டும் பன்முகக் குவிய லென்ஸ் விலை கூடியது. ஒளியைப் பல தூரங்களுக்குப் பங்கிட்டுத் தருவதால் இரவில் விளக்கைச் சுற்றி வளையங்கள் தெரிவதும் நுண்ணிய வேறுபாடுகள் சற்று மங்குவதும் உண்டு. விழித்திரையில் கோளாறு உள்ளவருக்கு இது ஏற்றதன்று. விலை கூடிய லென்ஸ்தான் சிறந்தது என்னும் எண்ணத்தால் கடன் வாங்கவும் துணிகிற குடும்பங்கள், சாதாரண லென்ஸும் நல்ல பார்வையைத் தரும் என்பதை அறிந்துகொண்டால் போதும்.

அறுவைக்குப் பின் நாலைந்து வாரங்கள் சொட்டு மருந்து விட வேண்டும். கண்ணைக் கசக்கக் கூடாது. மருத்துவர் சொல்லும்வரை தலைக்குக் குளிக்கும் நீர் கண்ணில் படக் கூடாது. கண்ணுக்குள் கிருமி புகுவதே அஞ்சத்தக்க சிக்கல். அறுவையின் முடிவில் மாக்ஸிஃப்ளாக்சசின் என்னும் நுண்ணுயிர்க் கொல்லியைக் கண்ணுக்குள் செலுத்துவதால் இத்தொற்று 0.07 விழுக்காட்டிலிருந்து 0.02 விழுக்காடாகக் குறைந்ததை, அரவிந்த் மருத்துவமனைகளில் நடந்த 6 இலட்சம் அறுவைகளை ஆராய்ந்து 2017இல் வெளியான கட்டுரை காட்டியது. அரிதே என்றாலும், அறுவை முடிந்த சில நாட்களில் வலி கூடினாலோ, கண் சிவந்து பார்வை குறைந்தாலோ, மறுநாள் போகலாம் என்று இராமல் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். மாதங்களோ ஆண்டுகளோ கழித்து மீண்டும் மங்கல் வந்தால், ‘புரை திரும்ப வந்துவிட்டது’ என்பார்கள்; எடுத்த புரை திரும்ப வராது, லென்ஸைத் தாங்கும் பின்னுறையே மங்கியிருக்கும். வெட்டோ வலியோ இன்றி, சில நிமிட நேர யாக் லேசர் சிகிச்சையில் அதன் நடுவே வழி திறந்துவிடலாம்.

காத்திருப்பு எவ்விதத்திலும் பொருந்தாதவர்கள் புரையோடு பிறக்கும் குழந்தைகள். கருவுற்ற தாய்க்கு வரும் ரூபெல்லா அம்மை குழந்தைக்குக் கண்புரையைத் தருகிறது என்பதை ஆஸ்திரேலிய மருத்துவர் நார்மன் கிரெக் 1941இல் கண்டறிந்தார். 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களில் தொடங்கிய தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் இந்தக் காரணத்தையும் கருதியே நடந்தது. பரம்பரைக் காரணங்களும் உண்டு. மூளை பார்க்கக் கற்றுக்கொள்வது பிறந்தபின் வரும் தொடக்க வாரங்களில்தான். அப்போது தெளிவான உருவம் கிட்டாத கண்ணை மூளை ஒதுக்கிவிடுகிறது, பின்னாளில் எவ்வளவு நேர்த்தியாகப் புரையை எடுத்தாலும் அந்தக் கண் சோம்பேறிக் கண்ணாகவே நின்றுவிடும். எனவே அடர்ந்த புரை ஒரு கண்ணில் மட்டும் இருந்தால் பிறந்த ஆறு வாரங்களுக்குள்ளும், இரு கண்களிலும் இருந்தால் எட்டு முதல் பத்து வாரங்களுக்குள்ளும் அறுவை செய்ய முயல்கிறார்கள். குழந்தையின் பாவை வெண்மையாகத் தெரிந்தாலோ, பிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண் மட்டும் வெளிறித் தெரிந்தாலோ, பால் குடிக்கும்போது தாயின் முகத்தை நோக்காமல் கண்கள் அலைந்துகொண்டே இருந்தாலோ, குழந்தை வளரட்டும் என்று விடாமல் அந்த வாரத்திலேயே கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கண் வளர்ந்துகொண்டே இருக்கும் வயது என்பதால் மிகச் சிறு குழந்தைகளுக்கு லென்ஸ் வைப்பதைத் தள்ளிப்போட்டு, கண்ணாடியோ கான்டாக்ட் லென்ஸோ தருவதுண்டு. வளர வளர அதன் எண் மாறும். நன்றாகத் தெரியும் கண்ணை நாள்தோறும் சில மணி நேரம் மூடிவைத்து, அறுவை செய்த கண்ணைப் பழக்கும் வேலை பெற்றோருடையது. பள்ளிப் பருவம்வரை ஆண்டுக்கணக்கில் அதை விடாமல் செய்ய வேண்டியிருக்கிறது.